டின் திறப்பு விழா

கேமரன் மலையில் தானா ராட்டாவிலிருந்து ரிங்லெட் வரை, எந்தத் தோட்டத்துப் பக்கம் போனாலும் இவர் கண்ணில் படுவார். தேயிலைத் தொழிற்சாலையில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சாமி மேடைக்கு அடுத்த மரியாதை ஓர் அலமாரிக்குத்தான். உள்ளே வரிசையாகத் தேயிலை டின்கள். துரை பங்களாவில் ஒயின் புட்டிகளை வருஷக்கணக்கில் படுக்கப் போட்டிருந்ததை என்றோ பார்த்துவிட்டார். அன்று பிடித்த பித்து.

ஒவ்வொரு டின்னுக்கும் ஜாதகம் உண்டு. “இது பெரியவ பொறந்தப்ப. இது பொம்பளைங்க கையாலே கொழுந்து கிள்ளின காலத்துத் தூள்.” ரஸ்ஸல் துரை 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கியதையும், 1933இல் பாரத் தோட்டம் வந்ததையும் கேட்காமலேயே சொல்வார். அந்த வருஷங்களின் தூள் கைவசம் இல்லையே என்ற ஏக்கம் அதில் தெரியும்.

தீபாவளிக்கு வந்தவர் தப்ப முடியாது. “வாங்க தம்பி, பசியாறியாச்சா?” என்ற கேள்வி முடிவதற்குள் தராசு வந்துவிடும். 2 கிராம் தூள், 100 மில்லி கொதிநீர், 6 நிமிஷம்: சுவை பார்ப்பதற்கான சர்வதேசத் தர அளவு அது. தேநீர் போடும் இதே முறையை ஆறு பக்கத்துக்கு எழுதிவைத்த பிரிட்டிஷ் தர நிறுவனத்துக்கு 1999இல் இக் நோபல் என்ற கேலிப் பரிசு கிடைத்தது. இவர் அந்த ‘இக்’கை மட்டும் விட்டுவிட்டு, “நோபல் பரிசு வாங்கின முறை” என்பார். கரண்டியால் எடுத்து, பக்கத்து வீடு வரை கேட்கும்படி சர்ரென்று உறிஞ்சி, மருமகளின் ரோஜாத் தொட்டியில் துப்புவார்.

அலமாரியின் மகுடம், அப்பா விட்டுப்போன 1967ஆம் வருஷத்து டின். தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் இதே மலையில் உலாவப் போய்க் காணாமல் போன வருஷம் அது. போலீஸ், ஒராங் அஸ்லி பழங்குடியினர், குறிசொல்பவர்கள் என்று எல்லோரும் தேடினார்கள், ஆள் அகப்படவில்லை. டின்னுக்குள் இருந்த வாசனையின் கதையும் அதேதான்.

கறுப்புத் தேயிலை அப்படித்தான். நன்றாக உலர்த்தி, சுமார் 3 சதவீத ஈரத்தோடு தொழிற்சாலையை விட்டு வருகிறது. 1,500 மீட்டர் உயரத்தில், பாதி நாள் மூடுபனியில் கிடக்கும் வீட்டில் மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் ஈரம் ஏறும், மணம் இறங்கும், பக்கத்தில் இருப்பதன் வாடை ஒட்டும். 1983 டின்னில் ரசப்பொடி அடித்தது. “மசாலாச் சாயல் வந்திருக்கு,” என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

மறுத்துப் பேசினால் ஈப்போவை இழுப்பார். அங்கே ஈயச் சுரங்கச் சீனர்கள் குடித்த லியூபாவ் தேயிலை, 1985இல் ஈய விலை சரிந்தபின் கிடங்குகளில் தேங்கிக் கிடந்து, இன்று பெரிய விலைக்குப் போகவில்லையா? போகிறதுதான். ஆனால் அதை நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லப் பக்குவப்படுத்துகின்றன. இவர் டின்னில் அந்த வேலைக்கு ஆள் இல்லை.

அந்த 1967 டின்னைத் திறந்து சுவைத்து முடித்தவரிடம், “எப்படி இருக்கு மாமா?” என்று மருமகள் ஒப்புக்குக் கேட்டாள். கிராணி ஐயா கண்ணை மூடி யோசித்தார். “இன்னும் இளசு. அஞ்சு வருஷம் போகட்டும்.” மூடியை அழுத்தி, தேதி எழுதி, ஒட்டினார். பேரன் அதற்குள் கடைக்குப் போய் எல்லோருக்கும் தே தாரிக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். முதல் கிளாசை எடுத்துக்கொண்டவர் அவர்தான்.