சேமிப்பின் செலவு

2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்து கற்கருவிகளை வெளிக்கொணர்ந்த வடக்குப்பட்டில், கல்லைக் கூராக்கிக் காசின்றி உண்ட ஆதிமாந்தர், தள்ளுபடி என்னும் நாகரிகத்தை, அதாவது விலையை ஏற்றி அச்சிட்டுப் பின்னர் அன்போடு குறைத்துத் தரும் வணிக மரபை, அறியாமலே மறைந்தது இரங்கத்தக்கது. இன்றைய குடும்பத் தலைவரோ, அவ்வூரை அடுத்த ஒரகடத்தில் இரவுப்பணி முடித்த கையோடு, எண்ணெயில் பத்து ரூபாய் மிச்சம்பிடிக்கப் பல மடங்கு பெட்ரோலை மனமுவந்து எரித்துத் தாம்பரம் வரை சென்று, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற நெறி வழுவாது, வீட்டில் எவரும் தொடாத ஓட்ஸை இரட்டையாய்ச் சுமந்து வருகிறார். இரண்டாயிரத்துக்கு வாங்கினால் சர்க்கரை மலிவு என்பதால், ஆயிரத்து இருநூறில் நின்ற பட்டியலை எண்ணூறு ரூபாய்ப் பிஸ்கட்டால் நிரப்பும் அவரது கணிதத்தை எவ்வளவு போற்றினாலும் தகும். இல்லத்தரசி போற்றுவதில்லை என்பது வேறு. ரசீதின் அடியில் சேமித்த தொகை அச்சாகிவிடுவதால் தலைவருக்கு வங்கிக் கணக்கே மிகை. குவிந்த சேமிப்பு கெடாதிருக்கப் பெரிய குளிர்சாதனப் பெட்டி ஒன்றையும் தவணையில் வாங்கிவிட்டார். அதற்கு முகவரிச் சான்றாக அவர் நீட்டியது அரிசி பெறும் குடும்ப அட்டை. அரிசி அட்டைதாரர்களுக்கு நியாயவிலைக் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அரிசிக்கு 2011 முதல் விலையே இல்லை.