நடுவில் வரும் டி.எம்.எஸ்.

எழுபதுகளில் புதுக்கோட்டை டாக்ஸி ஸ்டாண்டில் ரேடியோ வைத்த அம்பாஸடருக்குத் தனி மவுசு. கல்யாண வீட்டுக்காரர்கள் அதைத்தான் முதலில் பேசி முடிப்பார்கள். ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, டாஷ்போர்டுக்கு அடியில், நட்டநடுவில். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருந்தால் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டவேண்டும். காசு கட்டிக் கேட்ட பாட்டு. கரகரப்பையும் சேர்த்தே ரசித்தோம். திருச்சி வானொலிக்குப் போட்டியாக இலங்கை வானொலி நம் பக்கம் கணீரென்று விழும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மீடியம் வேவில் இஞ்சினின் தீப்பொறியும் கூடச் சேர்ந்து பாடும். வண்டி மேடேறுவதை ஸ்பீக்கரே சொல்லிவிடும்.

பிறகு கேசட். பின் கண்ணாடிக்குக் கீழே பலகையை அறுத்து, முட்டை வடிவத்தில் இரண்டு ஸ்பீக்கர். முன்சீட்டுக்காரருக்குப் பாடகர் பிடரியில் நின்று பாடினார். அதனாலென்ன? பின்னால் வரும் பஸ்ஸுக்குக் கேட்கிறதா என்பதுதான் அன்றைய தர நிர்ணயம்.

இன்று என் காருக்குக் காம்போனென்ட் செட். கதவில் ஆறரை இஞ்ச் வூஃபர், கண்ணாடி ஓரம் சுண்டுவிரல் நகம்போல ட்வீட்டர், இரண்டுக்கும் பாகம் பிரித்துக் கொடுக்க கிராஸோவர். ஏறக்குறைய மூவாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது ட்வீட்டருக்கு, கீழே உள்ளது வூஃபருக்கு. எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினைகூட இவ்வளவு சுமுகமாக நடக்கவில்லை.

அட்டைப்பெட்டியில் 300 வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. ஓரத்தில் எறும்பு எழுத்தில் ஆர்.எம்.எஸ். 50. எறும்பைத்தான் நம்பவேண்டும். வாட்ஸை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது மூன்றே டெசிபல். காசு மிச்சமிருந்தால் கதவுத் தகட்டுக்கு டாம்பிங் ஷீட் ஒட்டுவது மேல்; இல்லாவிட்டால் பேஸுக்குத் தகடும் தாளம் போடும். அன்று ஊருக்கே கேட்கச் செலவழித்தோம். இன்று ஒரு சொட்டு வெளியே ஒழுகாதிருக்கச் செலவழிக்கிறோம்.

ஏழாம் நூற்றாண்டிலேயே குடுமியான்மலைப் பாறையில் சுரங்களை வெட்டி வைத்த புதுக்கோட்டைச் சீமை இது. உளிக்குப் பதில் இப்போது ட்ரில்லிங் மெஷின்.

கடைப் பையன் லேப்டாப்போடு என் சீட்டில் உட்கார்ந்தான். வலது கதவு ஓட்டுபவருக்குப் பக்கம், இடது கதவு தூரம். ஒலி ஒரு மில்லி செகண்டில் போவது சுமார் 34 சென்டிமீட்டர். ஆகவே வலது பக்கத்தைக் கணக்காகத் தாமதப்படுத்தி, இரண்டும் ஒரே நேரத்தில் என் காதுக்கு வந்து சேரச் செய்தான். பழைய மோனோ பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு என்னை உட்காரச் சொன்னான்.

"குரல் எங்கேர்ந்து வருது, சொல்லுங்க சார்?"

டாஷ்போர்டுக்கு நடுவிலிருந்து வந்தார் டி.எம்.எஸ்.! நான்கு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப், ஒரு லேப்டாப், பில்லில் ஐந்து இலக்கம். அம்பாஸடர்க்காரர் இதை ஒரே ஸ்பீக்கரில் முடித்திருந்தார்.

இடதுபக்கச் சீட்டில் இருந்த மகள், "அப்பா, எனக்கு அவரு இந்தக் கதவுக்குள்ள உக்காந்து பாடுறாருப்பா" என்றாள்.

"ஒரு சீட்டுக்குத்தான்க்கா கரெக்டா செட் பண்ண முடியும்" என்றான் பையன்.

அறந்தாங்கிக்குப் போகும்போது நான் ஓட்டினேன். திரும்பும்போது சாவி அவளிடம் இருந்தது.