ஓராள் உலையின் அளவையியல்

தனியாள் சமையலை ஆராயப் புகுவோருக்கு முன்னோர் துணை குறைவு. சேர்த்து வைத்ததைத் தானே தனியாக உண்பது இரந்துண்பதைவிடக் கொடிது என்று திருக்குறளின் ஈகை அதிகாரம் தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த குறளுக்குப் போய்விடுகிறது. அந்தத் தனியாள் எவ்வளவு அரிசி போட்டார், மிஞ்சியதை என்ன செய்தார் என்பது பரிமேலழகர் உரையிலும் இல்லை. 1951-இல் வந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' அளவு சொல்வதில் கறாரான நூல்தான். ஆனால் அது புதுக்குடித்தனம் போகும் பெண்ணின் பெட்டிக்குள் போன அளவுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷனுக்குப் போகும் பையனின் பெட்டிக்குள் போகவில்லை. மேன்ஷனில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

எனவே வாய்மொழித் தரவுகளையே நம்ப வேண்டியிருக்கிறது. தலையாய தரவு, ஊரிலிருக்கும் அம்மாவுடனான போன் பேச்சு.

"எவ்வளவும்மா தண்ணி ஊத்தணும்?"

"அரிசிக்கு மேல விரல்ல முதல் கோடு வரைக்கும் நிக்கணும்டா."

"அரிசி எவ்வளவு போட்டாலுமா?"

"எவ்வளவு போட்டாலும்தான்."

இந்த விரல் விதியைச் சோதிப்போம். பழைய வாய்பாட்டின்படி 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு. இன்றைய கணக்கில் ஆழாக்கு சுமார் 168 மில்லி. பசியுள்ள ஆளுக்கு ஒரு வேளைக்குத் தாராளம். 20 செ.மீ. அகலமுள்ள பாத்திரத்தில் ஓர் ஆழாக்கு அரிசியைப் பரப்பினால் அரை செ.மீ. உயரம்தான் வரும். அதற்கு மேல் விரலின் முதல் கோடு வரை, அதாவது சுமார் இரண்டரை செ.மீ., தண்ணீர் நிற்க வேண்டுமானால் முக்கால் லிட்டருக்கும் மேல் ஊற்ற வேண்டும். அரிசி ஒரு பங்கு, தண்ணீர் ஏறக்குறைய ஐந்து பங்கு. விளைவதற்குக் கஞ்சி என்று பெயர். அதே பாத்திரத்தில் நான்கு ஆழாக்கு போட்டுப் பாருங்கள்: மேலே நிற்கும் தண்ணீர் அதே அளவுதான், ஆனால் இப்போது அது அரிசிக்கு ஒன்றேகால் பங்குகூட இல்லை. அரிசியின் இடுக்கில் நிற்பதையும் சேர்த்துக்கொண்டால் சோறு பொலபொலவென்று வரும். ஆக, அம்மாவின் விரல் பொய் சொல்லவில்லை. அந்தக் கோட்டுக்குள் அப்பா, தங்கை, பாட்டி எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதிலிருந்து நம் கருதுகோள் பிறக்கிறது: ஒருவருக்கு மட்டும் சமைப்பது இயற்கையில் இல்லாத செயல்.

சந்தை இதை உறுதி செய்கிறது. கீரையில் அரைக்கட்டு கிடையாது. முட்டைகோஸை முழுசாக வாங்கியவர் அந்த வாரம் முழுவதும் அதன் ஆட்சிக்குக் கட்டுப்பட்டவர். தேங்காய் உடைந்த கணமே இரண்டாவது மூடிக்கு வேலை தேட வேண்டும். பத்தை போட்டு விற்கப்படும் பூசணி ஒன்றுதான் தனியாளையும் ஒரு குடும்பமாக மதிக்கிறது. தனியாளோ பூசணி பிடிக்காது என்பார். மிக்ஸியும் குடும்பக் கட்சிதான். ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையும் இரண்டு மிளகாயும் போட்டால் எல்லாம் ஜாரின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிளேடு காற்றை அரைக்கும். ஓராளுக்கென்றே அமைந்த கருவி தாளிக்கும் கரண்டி ஒன்றே. அதற்கேற்ற பண்டம் முட்டை. இரண்டும் கூடியதன் பயனாகிய கரண்டி ஆம்லெட்டைத் தனியாள் சமையலின் உச்சம் என்று கொள்ளலாம்.

அப்படியானால் தனியாகச் சமைப்பவர் யாருக்குத்தான் சமைக்கிறார்? நாலு பேருக்கு. அந்த நால்வர் இன்றைய ஆள், நாளைய ஆள், மறுநாள் ஆள், அதற்கும் மறுநாள் ஆள். ஒரே சட்டையைப் போடுகிறார்களே தவிர, இவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. ஒரு கிலோ மாவு பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். முதலாமவருக்கு மல்லிகைப்பூ இட்லி. இரண்டாமவருக்கு முறுகல் தோசை. மூன்றாமவருக்கு வெங்காயம் தூவிப் புளிப்பை மறைத்த ஊத்தப்பம். நான்காமவர் ரவையைக் கலந்து, கடுகும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டி, குழிப்பணியாரம் என்று பெயர் சூட்டிச் சமாளிக்கிறார். புளிக்க வைப்பது லூகோனோஸ்டாக் முதலிய நுண்ணுயிரிகள். ஃபிரிட்ஜில் வைத்தால் அவை நிதானமாக வேலை பார்க்குமே தவிர லீவு எடுக்காது.

இந்த அநீதிக்கு ஈடுகட்டுவது வத்தக்குழம்பு. நல்லெண்ணெய் மிதக்கச் சுண்ட வைத்த சுண்டைக்காய் வத்தக்குழம்பு முதல் நாள் சுமார், மூன்றாம் நாள் அமிர்தம். மாவில் ஏமாந்தவர் குழம்பில் ஜெயிக்கிறார். எனவே மாவு வாங்கும் ஞாயிற்றுக்கிழமையே குழம்பும் வைப்பதுதான் நால்வருக்கும் பொதுவான நீதி. 'வார உணவுத் திட்டம்' என்று அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவோர் இதைவிடப் பெரிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ரசம் இந்த ஏற்பாட்டுக்குள் வராது. அது அன்றன்றைக்கு வைத்து அன்றன்றைக்குக் குடிக்க வேண்டியது. மறுநாள் அது வெறும் புளித்தண்ணி.

ஐந்தாவதாக ஒருவர் குறுக்கிட்டால் என்ன ஆகும் என்பதே எஞ்சியிருக்கும் ஆய்வுக்களம். கீழ்வீட்டு மாமி எவர்சில்வர் கிண்ணத்தில் அவியல் கொடுத்தனுப்புகிறார். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் நம்மிடம் இல்லை. வத்தக்குழம்பை மாமிக்கே கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. ஆகவே சேமியா பாயசம். அதற்கு அரை லிட்டர் பால் பாக்கெட்டை வெட்டியாக வேண்டும்; வெட்டினால் முழுதும் காய்ச்சியாக வேண்டும். கிண்ணம் நிறையப் பாயசத்தோடு கீழே போனால், "எனக்கு சுகர்ப்பா, ரெண்டு ஸ்பூன் போதும்" என்று மாமி ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, மீதியைத் தன் கிண்ணத்தோடேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.