அட்டவணை ரகசியம்

நாம் ஒழுங்காக ‘ஸ்விட்ச்’ போட்டு, எட்டு ‘கேஸ்’ எழுதிக் கொடுக்கிறோம். கம்பைலர் அதை முகவரி அட்டவணையாக்கி, ஒரு முகவரியை ரிஜிஸ்டரில் ஏற்றி, “அங்கே தாவு” என்று ஒற்றைக் கட்டளையில் கதையை முடித்துவிடும். அட்டவணை எங்கே, அதில் எத்தனை பதிவு, எல்லாம் அதற்கு அத்துப்படி. ஆனால் வாயைத் திறக்காது.

பின்னாலேயே லினக்ஸ் கெர்னலின் கோடைச் சரிபார்க்கும் ஆப்ஜ்டூல் என்ற கருவி பூதக்கண்ணாடியோடு வந்து, அட்டவணையைத் தேடித் தாவலிலிருந்து பின்னோக்கி நடந்து துப்புத் துலக்கும். அடுத்த பதிப்பில் கம்பைலர் இரண்டு கட்டளைகளை இடம் மாற்றினால் போதும், துப்பு அறுந்துவிடும். உடனே, “ஸ்டாக்கைக் கலைத்துவிட்டு வேறு ஃபங்ஷனுக்கா ஓடுகிறாய்?” என்று அப்பாவிக் கோடின் மேல் குற்றப்பத்திரிகை.

சீனாவின் லூங்ஆர்ச் சிப்புக்கு முதலில் கண்ட தீர்வு இன்னும் அழகு: அட்டவணையே போடாதே! தலைவலிக்குத் தலையையே எடுத்த வைத்தியம். கெர்னல் கொஞ்சம் மெதுவானால் என்ன, ஆப்ஜ்டூல் நிம்மதியாகத் தூங்கும் அல்லவா?

ஒருவழியாக ஜிசிசி 15 கம்பைலர் மனமிரங்கியது. ‘எம்-அனொட்டேட்-டேபிள்ஜம்ப்’ என்று கேட்டால், தாவல் ஒவ்வொன்றுக்கும் இரண்டே முகவரி எழுதித் தருகிறது: தாவல் கட்டளை இருக்குமிடம் இது, அட்டவணை அது. ஆப்ஜ்டூல் படித்து முடித்ததும் இறுதிக் கெர்னலில் அந்தச் சீட்டும் இருக்காது. இவ்வளவுதான் ராணுவ ரகசியம். கேட்காவிட்டால்? இன்றும் மௌன விரதம்தான்.