மேகம் விலகும் வரை

கிரகஸ்தாசிரமத்தில் ஒரு புருஷனுக்கு நேரக்கூடிய சோதனைகளைப் பற்றி நமது பெரியோர்கள் விஸ்தாரமாகவே எழுதி வைத்திருக்கிறார்களாயினும், தபால்தலை அளவுள்ள ஒரு துணித் துணுக்கைக் கையில் கொடுத்து, "இதுக்கு மேட்சா ஒரு ஜாக்கெட் பிட்டும் லைனிங்கும் எடுத்துட்டு வந்துடுங்க" என்று மனைவி கடைக்கு அனுப்பும் சோதனையை மட்டும் அவர்கள் ஏனோ விட்டுவிட்டார்கள். அவர்கள் காலத்தில் ரவிக்கை அவ்வளவு பிரதானமான வஸ்துவாக இல்லாதது காரணமாக இருக்கலாம்.

துணுக்கை வாங்கிப் பார்த்து, "பச்சைதானே?" என்று கேட்டேன். முப்பத்தைந்து வருஷ தாம்பத்தியத்தில் நான் செய்திருக்கும் பிழைகளுக்குள் இதைச் சிறியதென்று சொல்ல மாட்டேன். அது மயில்கழுத்து. பெண்களின் வர்ண சாஸ்திரத்தில் பச்சை என்று ஒரு நிறமே கிடையாது. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை என்றுதான் உண்டு. பழுப்பு என்று நான் நினைத்திருந்தது வெங்காயச் சருகாகவும் அரக்காகவும் பிரிந்துபோய் வெகுகாலமாகிறது. நீலத்திலே எம்.எஸ்.சுப்புலட்சுமி அம்மையாரின் பெயரையே தாங்கிய 'எம்.எஸ். புளூ' என்று ஒன்று இருப்பதை, சங்கீத ஞானம் சிறிதுண்டு என்று கருதிக்கொண்டிருந்த நான், ஒரு கலியாண ஜவுளி எடுக்கப் போன இடத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

மயில்கழுத்தின் சூட்சுமம் வேறு. பாவில் ஒரு வர்ணமும் ஊடையில் மற்றொரு வர்ணமும் வைத்து நெய்வதனால், அந்தத் துணி நிற்கிற கோணத்துக்கும் விழுகிற வெளிச்சத்துக்கும் தக்கபடி நீலமென்றும் பச்சையென்றும் மாறி மாறிச் சாட்சி சொல்லும். கோர்ட்டில் இப்படி ஒரு சாட்சி அகப்பட்டால் எதிர்க்கட்சி வக்கீல் மகிழ்ந்துபோவார். ஜாக்கெட் பிட் வாங்கப் போகிறவன் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை.

மதுரையில் துணிக்கென்று புறப்படுகிறவன் விளக்குத்தூணைச் சுற்றித்தான் வரவேண்டும். பழைய கோட்டைச் சுவர்களை இடித்து ஊரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்னின் ஞாபகார்த்தமாக நிற்கும் தூண் அது. மனைவிமார் கடைக்குள் போனபின் புருஷர்கள் வெளியே காத்திருப்பதற்கும் அதுவே அடையாளம். நான் அதைத் தாண்டி, சமீபத்தில் எழும்பிய பல மாடி ஸ்தாபனம் ஒன்றுக்குள் புகுந்தேன். வாசலில் ஒருவர் சல்யூட் அடித்தார். உள்ளே இரண்டு பெண்கள் கைகூப்பி வரவேற்றார்கள். ஒரு பையன் குளிர்ந்த தண்ணீர் நீட்டினான். என் சொந்தச் சம்பந்தி வீட்டில்கூட எனக்கு இவ்வளவு மரியாதை நடந்ததில்லையாதலால், சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மேட்சிங் பகுதி மூன்றாவது மாடியில். அங்கிருந்த பெண், என் துணுக்கை வாங்கிய மாத்திரத்தில், சுவர் முழுதும் அடுக்கியிருந்த நூறு வர்ணங்களுக்குள்ளிருந்து ஒன்றை உருவி, குழல்விளக்கின் கீழே பிடித்து, "கரெக்டா இருக்கு பாருங்க சார்" என்றாள். இருந்தது. "எவ்வளவும்மா வேணும்?" என்று அவளையே கேட்டேன். "எல்லாரும் ஒரு மீட்டர்தான் சார் வாங்குவாங்க." எல்லாரும் செய்வதைச் செய்து வாழ்ந்தவன் நான், அப்படியே வாங்கினேன். பிறகு சீட்டு எழுதும் இடம் ஒன்று, பணம் கட்டும் இடம் மற்றொன்று, பொட்டலம் பெறும் இடம் வேறொன்று, பொட்டலத்தையும் சீட்டையும் ஒப்பிட்டு ஓட்டை போடுகிறவர் வாசலில் ஒருவர் என்று ஒரு பிரதக்ஷிணமே செய்து வெளியே வந்தேன். ஒரு மீட்டர் துணிக்கு இத்தனை காவல் இருந்தால் அது உயர்ந்த சரக்காகத்தான் இருக்கவேண்டும் என்று தோன்றியது.

வீட்டில் மனைவி அதை மொட்டைமாடிக்கு எடுத்துக்கொண்டு போனாள். மேலேயிருந்து ஒரே ஒரு வாக்கியம் இறங்கி வந்தது: "ஏங்க, இது நீலம்ங்க."

குழல்விளக்கின் ஒளியும் சூரிய ஒளியும் ஒன்றல்ல. இரு வேறு சாயங்களில் தோய்த்த துணிகள் ஒரு வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளைகளாய் நின்று, மறு வெளிச்சத்தில் 'நீ யாரோ நான் யாரோ' என்று பிரிந்துவிடும். சாயப்பட்டறைக்காரர்களுக்குப் பழகிப்போன இந்த உண்மையை, ஜன்னலே இல்லாமல் குளிரூட்டிய மாளிகை கட்டியவர்கள் அறியாதவர்களல்ல. ஜன்னலை அடைத்ததில் வெயிலோடு வாதப் பிரதிவாதமும் அடைபட்டுவிட்டது.

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். அதே சல்யூட், அதே கைகூப்பு, அதே தண்ணீர். "வெட்டின துணியைத் திரும்ப எடுக்கிறதில்லைங்க சார்" என்று சொன்னபோதும் மேலாளரின் புன்னகையில் ஓர் இழைகூடக் குறையவில்லை. சினத்தோடு பதில் சொன்னால் நாமும் சினந்துகொண்டு திரும்பலாம். சிரித்துக்கொண்டு மறுப்பவனிடம் என்ன செய்வது? நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

அந்தப் பெண்ணிடம் எனக்குக் கோபமில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் பேசிக்கொண்டிருந்த கால்மணி நேரத்தில் அவள் உடம்பின் பாரத்தை வலக்காலிலிருந்து இடக்காலுக்கும் இடக்காலிலிருந்து வலக்காலுக்கும் ஏழெட்டு முறை மாற்றினாள். கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார வசதி செய்து தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. அந்த மாடியிலும் சட்டத்துக்கு விரோதமில்லாமல் ஒரு ஸ்டூல் இருக்கத்தான் செய்தது. அதன்மேல் லைனிங் துணிக் கட்டு உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து நிற்கிறவளுக்கு, 'சீக்கிரம் ஒரு மீட்டர் கிழித்துக் கொடுத்தால் இந்த மனுஷன் போவான்' என்று தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம்.

என் பால்யத்தில் துணி என்றால் புதுமண்டபம். திருமலை நாயக்கர் வசந்தோற்சவத்துக்கென்று கட்டிய அந்தக் கல் மண்டபத்தில், நாயக்க மன்னர்களின் சிலைகளுக்குக் காலடியில் தையல் மிஷின்கள் கடகடத்துக்கொண்டிருக்கும். கடைகளெல்லாம் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாறிய பிறகு, அந்தச் சத்தம் இல்லாத மண்டபம் எனக்கு என்னவோ ஊமையாகவே தோன்றுகிறது. அங்கே என்னை அழைத்துப் போனவள் என் அத்தை. மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956-இல் வந்து இருபது வருஷமாகியும் அவள் கஜத்தை விடவில்லை. கஜம் முப்பத்தாறு அங்குலம். மீட்டரோ அதைவிட மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்று அதிகம். கேட்காத மூன்றேகால் அங்குலத்தை நம் தலையில் கட்டிக் காசு பறிக்க டில்லியில் செய்த சூழ்ச்சி அது என்பது அவளுடைய திடமான அபிப்பிராயம்.

அவள் கடையேறினால் நாற்பது சேலை பிரியும். ஒவ்வொன்றிலும் முந்தானையை உதறி, ஒரு மூலையைக் கசக்கிக் கஞ்சி உதிர்கிறதா என்று பார்த்து, "சாயம் நிக்குமா?" என்று நாற்பது தடவை கேட்டு, கடைசியில், "வீட்டுல கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்துவிடுவாள். வீட்டில் அவள் யாரையும் எதையும் கேட்டதில்லை. கடைக்காரரோ ஒரு சொல் பேசாமல் நாற்பதையும் மடிப்புக் கலையாமல் மடித்து அடுக்குவார். பொறுமைக்கு இலக்கணம் எழுதுகிறவர்கள் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம், அத்தையையும் பார்த்திருக்கலாம்.

மூன்றாம் நாள், மனைவியின் ஆக்ஞைப்படி, விளக்குத்தூணுக்குப் பின்புறச் சந்து ஒன்றிலுள்ள தையல் சாமான் கடைக்குப் போனேன். கடை என்றால், நூற்கண்டு, பட்டன், ஊக்கு, லேஸ், சமிக்கி ஆகியவற்றுக்கு நடுவில் ஒரு பெரியவரைச் சொருகி வைத்த அலமாரி. அவருக்குப் பின்னால் ஜாக்கெட் துணிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவர் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"மேட்சிங் ஜாக்கெட் பிட்…" என்று ஆரம்பித்து, துணுக்கை மேஜையில் வைத்தேன்.

"இதை வச்சுக்கிட்டு எப்படிய்யா பாக்குறது? ரெட்டை நூல் துணி. சேலையைக் கொண்டாங்க."

சல்யூட்டுக்கும் தண்ணீருக்கும் பழகிவிட்டிருந்த என் மனம் புண்பட்டது. வேறு கடைக்குப் போய்விடலாமென்று பத்தடி நடந்தேன். ஆனால் வீட்டில் போய் என்ன சொல்வது என்று யோசித்ததில், பெரியவரின் கடுமை ஒப்பு நோக்க மிருதுவானதாகவே பட்டது. நாலாம் நாள் மஞ்சள் பையில் சேலையோடு போய் நின்றேன்.

பெரியவர் சேலையை வாங்கியதும் வேறு மனிதராகிவிட்டார். முந்தானையை விட்டு உடலைப் பிரித்தார், விரல்களால் தேய்த்தார், தலைகீழாகத் திருப்பினார். அடுக்கிலிருந்து மூன்று துணிகளை உருவிக்கொண்டு, செருப்பை மாட்டி, என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் கடையை விட்டுத் தெருவுக்கு இறங்கினார். நானும் பின்னால் போனேன்.

"எவ்வளவு எடுக்கச் சொன்னாங்க?"

"ஒரு மீட்டர்."

"எதுக்கு? நாப்பத்துநாலு அங்குல அகலம் இது. எம்பது சென்டிமீட்டர் எடுத்தாப் போதும். முப்பத்தாறு அங்குலமா இருந்தாத்தான் ஒரு மீட்டர். லைனிங்கை நனைச்சுக் காயப்போட்டுத் தைக்கச் சொல்லுங்க. இல்லாட்டி மொதத் தண்ணியிலேயே சுருங்கி, ஜாக்கெட்டு ஒரு பக்கமா இழுக்கும்."

தன் சரக்கைக் குறைவாக வாங்கும்படி ஒரு வியாபாரி எனக்குச் சொன்னது அதுவே முதல் தடவை. சுமார் இருபது சென்டிமீட்டர் வியாபாரத்தைத் தெருவில் போட்டுவிட்ட அந்த மனிதரை நான் ஏறிட்டுப் பார்த்தபோது, அவர் ஆகாயத்தை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் மூடியிருந்தது.

"வெயில் வரட்டும். உள்ள போய் உக்காருங்க."

கடையில் ஒரே ஒரு ஸ்டூல். அதை என்னிடம் தள்ளிவிட்டு அவர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். சூரியன் வரும்வரையில் விற்பனை இல்லை என்று ஓர் ஏற்பாடு. இடையில் ஒரு தையற்காரர் பாபின் கேட்டு வந்தார். "நீ வாங்கினது உன் மிஷினுக்குச் சேராது, போனவாட்டியே சொன்னேன்" என்று திட்டு வாங்கிக்கொண்டு, சேருகிறதை வாங்கிப் போனார். ஒரு சிறுமி பத்து ரூபாய்க்குச் சமிக்கி கேட்டாள். பள்ளிக்கூடத்துக்கா வீட்டுக்கா என்று விசாரித்து, ஒட்டுகிறதற்கும் தைக்கிறதற்கும் வித்தியாசம் சொல்லி, ஓட்டை போட்டதைக் கொடுத்தார். எனக்கு அங்கே உட்கார்ந்திருப்பது பிடித்திருந்தது. கால்மணி நேரத்துக்குமேல் ஆகியிருக்கும்.

மேகம் விலகியது. பெரியவர் எழுந்துபோய், சேலையின் மேல் மூன்று துணிகளையும் ஒவ்வொன்றாக வைத்து, கிழக்கே திரும்பி, மேற்கே திரும்பி, கடைசியில் தம் நிழலைக்கூட விலக்கிவிட்டுப் பார்த்தார்.

"இல்லை தம்பி," என்றார். "ஒண்ணும் சேரலை. வியாழக்கிழமை புதுக்கட்டு வருது, வாங்க."

வெறுங்கையோடு வீடு திரும்பி, நடந்ததைச் சொன்னேன். மனைவி சேலையை மடித்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"வியாழக்கிழமை நானும் வர்றேன்," என்றாள்.