குங்குமப்பூவுக்கு வரன் பார்த்த பேராண்டிக்கு

வாடா பேராண்டி, உட்காரு. அட்டைப்பெட்டியை மடியிலேயே வச்சுக்க. கீழே வச்சா கோழி கொத்திடும். அது என்ன விலைன்னு கோழிக்குத் தெரியாது பாரு.

"குரோக்கஸ்ல நாலஞ்சு இனம் வாங்கி, ஒண்ணோட ஒண்ணு கிராஸ் போட்டு, கோவளத்துக்குன்னே ஒரு புது ரகம் கொண்டுவரப் போறேன் தாத்தா"ன்னு நீ போன்ல சொன்னப்ப எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. உன் பாட்டிகிட்ட சொன்னேன். "கிழங்கா? எவ்வளவு?"ன்னா. பத்துன்னேன். "பத்து கிலோவா?" இல்ல, பத்து கிழங்குன்னேன். அவ மோட்டுவளையைப் பார்த்தா, உள்ள போயிட்டா.

நான் முப்பது வருஷம் பண்ணையில மாலி வேலை பார்த்தவன். பூவுக்குப் பூ மகரந்தம் தட்டித் தட்டி, எத்தனையோ கல்யாணம் முடிச்சு வச்சிருக்கேன். தரகன் பேச்சைக் கேட்டுட்டு அப்புறம் உன் இஷ்டம்.

முதல்ல உன் கையில இருக்கற குங்குமப்பூ. இந்தப் பொண்ணுக்கு நீ வரன் பார்க்கறது புண்ணிய காரியம்தான். ஆனா அது ஜென்மத்துக்கும் விதை பிடிக்காது. ஏன்னு கேளு. அதோட குரோமோசோம் 24. எட்டு எட்டா மூணு கட்டு. ரெண்டு கட்டுன்னா ஆளுக்கு ஒண்ணுன்னு பிரிக்கலாம். மூணு கட்டை ரெண்டு பேருக்கு எப்படிடா சமமாப் பிரிக்கறது? நம்ம பெரியப்பா வீட்டுப் பாகப்பிரிவினை மாதிரி, அது முடியவே முடியாது. ஏதென்ஸ் பக்கத்துக் காட்டுல கிடக்கற ஒரு குரோக்கஸ்லேருந்துதான் இது வந்ததுன்னு 2019ல ஜெர்மனியில கண்டுபிடிச்சுச் சொல்லிட்டாங்க. அது பொறந்த நாள்லேருந்து இன்னைக்கு வரைக்கும் கிழங்கு குட்டி போட்டு, அதைப் பிரிச்சு நட்டுத்தான் ஊர் ஊராப் போயிருக்கு. காஷ்மீர் பாம்பூர்ல இருக்கறதும், ஈரான்ல இருக்கறதும், உன் மடியில இருக்கறதும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க.

சரி, கிராஸ் வேணாம், குங்குமப்பூவாவது கிடைக்கட்டும்னு பார்க்கறியா? நல்லது. ஒரு பூவுக்கு மூணு நார். பத்துக் கிழங்குமே குங்குமப்பூன்னு வச்சுக்க, பத்துப் பூ பூத்தா முப்பது நார். காய்ஞ்சது ஒரு கிராம் சேரணும்னா சுமார் நூத்தம்பது பூ வேணும். உன் முப்பது நார், சம்சாரம் மசக்கையா இருக்கறப்ப ஒரே ஒரு டம்ளர் பாலுக்கு ஆகும். அதுவும் வீண். உன்னை வயித்துல சுமந்தப்ப உங்கம்மா ஒன்பது மாசம் குங்குமப்பூப் பால் குடிச்சா. நீ பொறந்தே, பார்த்தேன். என் நிறம்.

மத்த குரோக்கஸ் கல்யாணத்துக்கு ஒத்துக்கும். நூத்துக்கும் மேல இனம் இருக்கு. லண்டன் பக்கத்துல பவுல்ஸ்னு ஒருத்தர், சொந்தத் தோட்டத்துலயே அதுங்களை வளர்த்து, விதை போட்டுப் பார்த்து, 1924ல புத்தகமே எழுதினார். நீயும் எழுதலாம். ஆனா சூல்பை மண்ணுக்கு அடியில இருக்கும். விதை முத்தினப்புறம்தான் மேல வரும். அந்த விதையைப் போட்டா முதல் பூவைப் பார்க்க மூணு நாலு வருஷம். அதுக்குள்ள உன் வீட்டுக்கடன்ல வட்டி மட்டும்தான் குறைஞ்சிருக்கும்.

இப்ப குளிரு. வசந்த காலத்துக் குரோக்கஸுக்குப் பத்துப் பன்னிரண்டு வாரம் கடுங்குளிர் வேணும். நம்ம ஊர்ல மார்கழியில ஃபேனை ஒரு பாயிண்ட் குறைச்சாலே அதுக்குப் பேரு குளிர். குங்குமப்பூவுக்கோ, வெயில்காலத்துல 23லேருந்து 27 டிகிரியில கிழங்குக்குள்ள மொட்டுக் கட்டணும்; அப்புறம் 17க்கு இறங்கினாத்தான் தலையை நீட்டும். பாம்பூர்ல அது பூக்கறது ஐப்பசியில. ஐப்பசியில கோவளத்துல என்ன நடக்கும்னு உனக்கே தெரியும். முட்டுக்காடு தண்ணி ரோட்டுக்கு வரலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கும். உன் கிழங்கு மூணாம் நாள் கூழ்.

ஏசி ரூம்ல வளர்க்கறாங்களேங்கறியா? வளர்க்கறாங்க, நெசந்தான். நீயும் மாடி ரூமை அதுக்குக் கொடுத்துட்டு, ஹால்ல பாய் போட்டுப் படு. கரண்ட் பில்லைக் கண்ணாடி போட்டு மாட்டி வை, அதுவும் செவப்பாத்தான் இருக்கும்.

"பிரிட்ஜ்ல வச்சு ஏமாத்தறேன் தாத்தா"ன்னு மட்டும் சொல்லாதே. இந்தக் கிழங்கைப் பாரு. நாரு மூடின சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கு. உன் பாட்டிக்குக் கண்ணு தெரியறது கம்மி, சாம்பார் வைக்கறது ஜாஸ்தி.

இங்க கொஞ்சம் சிரிப்பை நிறுத்திக்க. குரோக்கஸ் மாதிரியே ஒண்ணு இருக்கு, கோல்ச்சிக்கம்னு பேரு. வெள்ளைக்காரனே அதை இலையுதிர்காலக் குரோக்கஸ்னுதான் சொல்லுவான். அது வேற குடும்பம். மகரந்தத் தண்டை எண்ணிப் பாரு. மூணு இருந்தா குரோக்கஸ், ஆறு இருந்தா கோல்ச்சிக்கம். அது சாம்பார்ல விழுந்தா பதினாறாம் நாள் சாப்பாடுதான். அதுல இருக்கற விஷத்துக்குப் பேரு கோல்ச்சிசின்.

அந்த விஷம் வேற எதுல இருக்கு தெரியுமா? எழுந்திரு. அந்த வேலிப்பக்கம் பாரு. இலை நுனியைச் சுருட்டி முள்ளுக்கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஏறியிருக்கே, அது. மொட்டுல பச்சை, விரியறப்ப மஞ்சள், அப்புறம் நெருப்பு. கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப் பூ, படிச்சவங்க வாயில செங்காந்தள். கபிலர் குறிஞ்சிப்பாட்டுல தொண்ணூத்தொன்பது பூ சொன்னாரே, அதுல முதல் பூ. நம்ம மாநிலப் பூ. கோல்ச்சிக்கத்தோட சொந்தக்காரி. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே பந்தக்கம்பி கட்டி வளர்க்கறாங்க. சூல்தண்டு பாரு, பூவுலேருந்து பக்கவாட்டுல மடங்கி, சண்டை போட்ட சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்குது. மகரந்தம் தானா அங்க போய்ச் சேராது. அதனால காலையில ஆளுங்க வரிசை வரிசையா நடந்து கையாலேயே தட்டுவாங்க. அந்த விதையிலேருந்துதான் வாத மருந்துக்குக் கோல்ச்சிசின் எடுக்கறாங்க.

இப்பத்தான் விஷயம். 1937ல அமெரிக்காவுல பிளேக்ஸ்லீ, ஏவரின்னு ரெண்டு பேர், இந்தக் கோல்ச்சிசினைத் தடவினா செடியோட குரோமோசோம் ரெண்டு மடங்காகும்னு காட்டினாங்க. தர்பூசணிக்கு 22. அதை 44 ஆக்கி, மறுபடியும் 22ஓட கிராஸ் போட்டா 33. மூணு கட்டு! விதை பிடிக்காது. ஜப்பான்ல கிஹாரான்னு ஒருத்தர் அப்படித்தான் விதையில்லாத தர்பூசணியைக் கொண்டுவந்தார். குங்குமப்பூவுக்கு இயற்கை பண்ணின அதே வேலைதான். உலகம் முழுக்க கிராஸ் போடறவன் கையில வச்சிருக்கற மருந்து, உன் தாத்தா வீட்டு முள்வேலியில முளைச்சுக் கிடக்கு. நீ என்னடான்னா அந்த வேலி ஓரமா வண்டியை நிறுத்திட்டு, குரோக்கஸ் பார்சல் தூக்கிட்டு வர்றே. போகட்டும், கிட்டப் போய் அழகு பாரு. கிழங்கைத் தோண்டாதே, விதையைத் தொட்டா கையைக் கழுவு, குழந்தைங்களை அண்டவிடாதே.

கை அரிக்குது, எதையாவது கிராஸ் போட்டே ஆகணும்னா, கிணத்தடியில மழை லில்லி இருக்கு. வெள்ளை ஒரு கொத்து, மஞ்சள் ஒரு கொத்து. அசப்புல உன் குரோக்கஸ் மாதிரியே நிக்கும். மணல் போதும், வெயில் போதும், பிரிட்ஜ் வேணாம். ஒரு நல்ல மழை பெய்ஞ்சு நாலஞ்சு நாள்ல பூக்கும். விடியறப்ப, பூ முழுசா விரியறதுக்கு முன்னாடி, மஞ்சள்ல இருக்கற ஆறு மகரந்தப்பையையும் கிள்ளி எடுத்துடு. வெள்ளையோட தூளை எடுத்து மஞ்சளோட சூல்முடியில தடவு. நூல் கட்டி, தாய் பேரு, தகப்பன் பேரு, தேதி எழுதின சீட்டைத் தொங்கவிடு. ஒரு மாசத்துக்குள்ள காய் வெடிச்சு, கருப்பா, தகடு தகடா விதை வரும். காயவச்சுப் பூட்டி வைக்காதே, அன்னைக்கே தூவு. அநேகமா வருஷம் திரும்பறதுக்குள்ள பேத்தி பூத்துடும். ஒண்ணு மட்டும் மனசுல வை. இந்தச் சாதியில சில ரகம், தகப்பன் தூளை வாங்கிக்கிட்டு, கடைசியில தாயையே உரிச்சு வச்ச மாதிரி பிள்ளை பெறும். அதனாலதான் சீட்டு எழுதச் சொன்னேன். நீ அதையே புது ரகம்னு ஊரெல்லாம் சொல்லிடக் கூடாது பாரு.

அந்தப் பெட்டியை என்ன பண்றதுன்னு கேக்கறியா? சிம்லா பக்கம் யாராவது சிநேகிதன் இருந்தா அனுப்பு. இல்லேன்னா எரு போட்ட தொட்டியில நட்டு, நீயே ஆசை தீரப் பாரு, தப்பில்ல. எது பண்ணினாலும் சமையல்கட்டுப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதே. மேற்கே கருக்குது, ராத்திரி மழை இருக்கு. நாலாம் நாள் விடியக்காலையில ஒரு பொடி பிரஷ், கொஞ்சம் நூல், ஒரு பேனா எடுத்துக்கிட்டு வந்து சேரு.