சுவிட்சைத் தொடாதீங்க, அத்தை!

மற்ற மாப்பிள்ளைகள் மாமனார் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவார்கள். இவர் சுவிட்ச் போர்டைக் கழற்றுவார். காபி ஆறும். "முதல்ல உட்காருங்களேன்" என்பாள் அக்கா. "ஒரு நிமிஷம்" என்ற பதில் போர்டுக்குள்ளிருந்து வரும்.

பெண் எடுத்த வீட்டை ஸ்மார்ட் ஹோம் ஆக்கியே தீருவேன் என்று நிற்கும் மாப்பிள்ளைகளைச் சொல்கிறேன். யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலை ஒன்றில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பார்ப்பவர், என் அக்காவைக் கட்டியவர் என்று யாருக்காவது தோன்றினால் அது தற்செயல்.

தான் குடியிருக்கும் வீட்டில் இவர் ஒரு ஒயரையும் தொடமாட்டார். அது வாடகை வீடு. ஓனர் ஆணி அடிக்கவே விடமாட்டார். ஆகவே ஆர்.கே.பேட்டையில் உள்ள எங்கள் வீடு. மகன் இந்த வேலையைச் செய்தால் அப்பா நாலு வார்த்தை திட்டி நிறுத்திவிடுவார். எலக்ட்ரீஷியன் என்றால் கூலி பேசும்போதே தட்டிக் கழிக்கலாம். மாப்பிள்ளை ஸ்டூல் மேல் ஏறிவிட்டால் மாமனாருக்கு உள்ள ஒரே உரிமை ஸ்டூலைப் பிடித்துக்கொள்வதுதான்.

எங்கள் பக்கத்து நெசவுக்காரர் வீட்டு வயரிங்கைப் பார்த்தவர்களுக்கு விவரம் சொல்ல வேண்டாம். தேக்கு ரீப்பர் மேல் தகரக் கிளிப் அடித்து ஒயர் ஓட்டியிருக்கும். அதன் மேல் பொங்கலுக்குப் பொங்கல் பூசிய சுண்ணாம்பு. சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில். எங்கள் வீட்டில் எல்லா ஒயரும் வெள்ளை. தொட்டால் ரப்பர் உறை மொறுமொறுவென்று உதிரும். பீங்கான் பீஸ் கேரியர், கறுப்புக் குமிழ் சுவிட்ச், தொட்டால் சுடுகிற பெரிய ஃபேன் ரெகுலேட்டர். இதற்குள் வைஃபை சுவிட்சை நுழைக்கப் பார்த்தார் மாப்பிள்ளை. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டூலிலிருந்து இறங்கி, "நியூட்ரல் இல்ல, மச்சான்" என்றார். இழவுச் செய்தி சொல்கிற குரல்.

அவர் சொன்னது சரிதான். அந்தக் காலத்தில் நியூட்ரலை நேராக விளக்குக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சுவிட்சுக்கு பேஸ் மட்டும் வந்து போகும். சாதாரண சுவிட்சுக்கு அது போதும், அதற்கென்று கரன்ட் எதுவும் தேவையில்லை. ஸ்மார்ட் சுவிட்ச் அப்படியில்லை. விளக்கு அணைந்திருக்கும்போதும் அது விழித்திருந்து வைஃபைக்குக் காது கொடுக்க வேண்டும். அதற்குத் தீனி வேண்டும், பெரும்பாலும் நியூட்ரல் இல்லாமல் அது நடக்காது. நியூட்ரல் கேட்காத வகையும் உண்டு. அது விளக்கு வழியாகவே கொஞ்சம் கரன்ட்டைக் கசியவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். அதையும் மாட்டினார். அணைத்த பிறகும் எல்இடி பல்பு ராத்திரி முழுக்க மினுக்கியது. மறுநாளே கழற்றினார்.

கடைசியில் பல்பையே ஸ்மார்ட் பல்பாக மாற்றினார். எங்கள் துன்பம் தொடங்கியது அன்றைக்குத்தான். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்தால் அந்தப் பல்புக்கு உயிர் போய்விடும். ஆப்பில் "ஆப்லைன்" என்று காட்டும். ஆகவே சட்டம் வந்தது: இனி யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது. குமிழ்கள் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினார். போர்டுக்கு மேலே "தொடாதே" என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டினார். யோசித்துப் பார்த்து, மரியாதைக்காக "தொடாதீர்கள்" என்று திருத்தினார்.

அம்மாவுக்கு இந்தச் சட்டம் செல்லாது. விசைத்தறிக்கு ரெண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் அரசு தரும் இலவசம். 2023-க்கு முன்பு 750. வீட்டுக்கு 100 யூனிட்தான். 500-ஐத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறிவிடும். அந்தப் பயத்தில் வளர்ந்த கை, ஓர் அறையை விட்டு வெளியே வரும்போது தானாகப் போர்டுக்குப் போகும். அம்மா டேப்பை நகத்தால் பக்குவமாகப் பிரிப்பாள், சுவிட்சை அணைப்பாள், டேப்பைத் திரும்ப ஒட்டிவிட்டுப் போவாள். கும்மிடிப்பூண்டியில் உடனே தெரிந்துவிடும். போன் வரும்.

"அத்தை, சுவிட்சை அணைச்சீங்களா?"

"பல்பு எரியலையே, மாப்பிள்ளை. அதான் அணைச்சேன்."

"எரியாதபோதும் அதுக்குக் கரன்ட் வேணும், அத்தை."

"எரியாத பல்புக்கு எதுக்குங்க கரன்ட்?"

இதற்கு அவரிடம் பதில் உண்டு, கணக்கோடு. அரை வாட்தான், ரெண்டு மாதத்துக்கு முக்கால் யூனிட்கூட வராது. சொல்லிவிட்டார். சொன்னதுதான் தவறு. "ஒரு பல்புக்கு முக்கால் யூனிட்டா!" என்று அம்மா அன்றிலிருந்து டேப் ஒட்டாத சுவிட்சையும் சேர்த்து அணைக்க ஆரம்பித்தாள்.

கரன்ட் போய் வந்தால் இந்தப் பல்புகள் தாமாகவே முழு வெளிச்சத்தில் எரியும். கடையிலிருந்து வரும்போதே செட்டிங் அப்படி, மாற்றலாமாம், ஆப்பில். ஆப் யாரிடம் இருக்கிறது? ராத்திரி ரெண்டு மணிக்குக் கரன்ட் வந்து வீடு முழுக்கக் கல்யாண மண்டபமாக எரிந்தபோது மாப்பிள்ளை நைட் ஷிப்டில் இருந்தார், அவர் போன் லாக்கரில் இருந்தது. அப்பா போர்டின் முன் வந்து நின்றார். டேப்பைப் பார்த்தார். மாப்பிள்ளை ஒட்டிய டேப். திரும்பிப் போய்த் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். அம்மா எழுந்து வந்து மெயினையே இறக்கினாள்.

ஏசிக்கு வருகிறேன். வெயில் பட்டியல் வாசிக்கும்போது அடிக்கடி மேலே வரும் திருத்தணி எங்களுக்குப் பக்கத்து ஊர், ஆகவே ஏசி ஆடம்பரம் இல்லை. மாப்பிள்ளை முதலில் அமெரிக்காவிலிருந்து வந்த நண்பரிடம் சொல்லி, சுவரில் மாட்டும் வட்டமான ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் ஒன்றை வரவழைத்தார். அது அங்கே வீடு முழுவதற்குமான சூட்டையும் குளிரையும் 24 வோல்ட் ஒயர் வழியாக ஆட்டிவைக்கும் பெட்டி. பழைய அமெரிக்க வீடுகளிலும் அதற்கு ஒரு ஒயர் குறைவதுண்டு. "சி ஒயர்" இல்லை என்று அங்குள்ள மாப்பிள்ளைகளும் தலையில் கைவைத்து உட்காருவார்களாம். எங்கள் ஸ்ப்ளிட் ஏசிக்கோ சுவரில் அப்படி ஒயரே கிடையாது, ரிமோட்தான். பெட்டி பீரோ மேல் போனது. பதிலுக்கு, ரிமோட்டைப் போலவே கண்ணுக்குத் தெரியாத கதிரை அனுப்பும் சின்னக் கருவி ஒன்றை மாட்டினார். அன்று முதல் எங்கள் ஹாலின் குளிரைத் தீர்மானிப்பது கும்மிடிப்பூண்டி. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு வைத்த விதி அவருக்கு வேதம். அப்பா 20-க்கு இறக்கினால், இரண்டு நிமிஷத்தில் 24-க்கு ஏறும். ஆலையில் 1,200 டிகிரி பக்கத்தில் எரியும் உலைக்குக் காவல் இருக்கும் மனிதர், இங்கே நாலு டிகிரிக்கு அப்பாவோடு மல்லுக்கட்டுகிறார்.

தெர்மோஸ்டாட்டின் சரித்திரத்தையும் அவரே சொல்லியிருக்கிறார். வாரன் ஜான்சன் என்ற அமெரிக்க ஆசிரியர், வகுப்பறைச் சூட்டைப் பார்க்க ஆள் அடிக்கடி உள்ளே வந்து பாடத்தைக் கெடுக்கிறார் என்று 1883-இல் மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த ஆரம்பக் கருவி தானாக எதையும் திருப்பாது. கொதிகலன் அறையில் மணி அடிக்கும், அங்கே இருப்பவர் எழுந்து போய்ச் சரிசெய்ய வேண்டும். வைஃபை படுத்துவிடும் நாட்களில் எங்கள் வீட்டிலும் அதே ஏற்பாடுதான். போன் மணி அடிக்கும். "மாமா, ஆப்லைன் காட்டுது. கொஞ்சம் ரிமோட்டை எடுத்து 24 வைங்க." அப்பா எழுந்து போய் வைப்பார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். எங்கள் கிரைண்டர் பல வருஷமாகக் கிள்ளும். ஈரக் கையோடு தொட்டால் சுருக்கென்று இழுக்கும். அதனால் அம்மா ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு பலகை மேல் நின்று மாவு அரைப்பாள். ஊர் எலக்ட்ரீஷியன்களும் "செருப்பு போட்டுக்கோங்க" என்பதோடு சரி. நியூட்ரலைத் தேடிப் போர்டு போர்டாகக் கழற்றியபோதுதான் வீட்டுக்கு எர்த்தே இல்லை என்று மாப்பிள்ளை கண்டுபிடித்தார். கிணற்றடியில் தானே குழி தோண்டிக் குழாய் இறக்கி, கரியும் உப்புமாகப் போட்டு மூடினார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனை வெட்டும் ஆர்சிசிபி மாட்டினார். முதல் நாள் அது நிற்கவே இல்லை, போட்டதும் விழுந்தது. கசிவு எங்கே என்று ஒவ்வொரு லைனாகப் பிரித்துப் பார்த்து, சமையலறைக்குப் புது ஒயர் இழுத்துக்கொடுத்தார். அம்மா இப்போது வெறுங்காலோடு மாவு அள்ளுகிறாள்.

இதைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. சொந்தக்காரர் யார் வந்தாலும் பல்பு நீலமாக மாறுவதைத்தான் காட்டுகிறார். போன தடவை வந்தபோது நானே எடுத்துச் சொன்னேன். "மாமா, நீங்க போட்ட எர்த்துதான் இந்த வீட்டுக்கே பெரிய வேலை."

"அதெல்லாம் பேசிக், மச்சான்" என்றார் போனை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அதை விடுங்க. வைஃபை பாஸ்வேர்டை மாத்தினது யாரு?"

அப்பாவுக்குப் பாஸ்வேர்டு மாற்றத் தெரியாது. தறியில் வேலை பார்க்கும் பையனுக்குத் தெரியும். அப்பா தினத்தந்தியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.